சமஸ்கிருதம் கேட்ட மாணவர்

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு உத்திரமேரூர் பிரௌசிங் சென்டர்களில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் காலம் இது. எந்தப் பாடத்தை முதலில் போடுவது என்று மாமா ஒன்று சொல்வார், கம்ப்யூட்டரில் பதிந்து தருபவர் ஒன்று சொல்வார். படிக்கப்போகிற பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்பவர்தான் குறைவு. பிடித்ததைப் படிப்பது வசதியுள்ளவர்களுக்கு, நமக்கு வேலை கிடைத்தால் போதும் என்று நம் தெருக்களில் ஒரு நினைப்பு ஊறிக்கிடக்கிறது. அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்தை அறிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவ முகாமில் பிறந்த அவர், மும்பைக்கு வந்து எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். குடும்பம் பரேலில் ஒற்றை அறையில் இருந்தது. அப்பா ராம்ஜி நள்ளிரவு தாண்டி 2 மணி வரை விழித்திருந்து மகனை எழுப்பிவிட்டுத்தான் படுப்பார். அந்த மகனுக்குச் சமஸ்கிருதம் படிக்க ஆசை. மகர் சாதிப் பையனுக்கு அதைச் சொல்லித்தர ஆசிரியர் மறுத்துவிட்டார். கிடைத்தது பாரசீகம். அதைக் கொண்டே 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறினார். கல்லூரியிலும் பாரசீகம் தொடர்ந்தது.

ஒரு மொழிதானே, போனால் போகட்டும் என்று இதை விட்டுவிட முடியாது. நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பெருமையோடு காட்டுகிறோம். பராந்தக சோழன் காலத்து அந்த விதிகளின்படி ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வியும் வேண்டும். நிலமும் வேதமும் மறுக்கப்பட்டவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் எப்படி விழுந்திருக்கும்? ஆயிரம் ஆண்டு கழித்தும் அதே பூட்டுதான் மும்பைப் பள்ளியில் தொங்கியது.

மெட்ரிக்குலேஷன் தேறியதற்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். பரோடா மன்னர் சாயாஜிராவிடம் மாதம் 25 ரூபாய் உதவிக்கு வழிசெய்தவரும் அவரே. 1912இல் பி.ஏ. முடிந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அப்பா இறந்தார். அதே 1913இல் அமெரிக்கா சென்று படிக்க, மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்குப் பரோடா உதவித்தொகை கிடைத்தது. படிப்பு முடிந்ததும் சமஸ்தானத்தில் 10 ஆண்டு வேலை செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, 22 வயதில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே அவர் எடுத்த பாடங்களின் கணக்கைப் பாருங்கள். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. ஆக மொத்தம் 60. முதன்மைப் பாடம் பொருளாதாரம். அதை ஒப்புக்குப் படித்தவர் அல்ல அவர். ரூபாயின் சிக்கல் பற்றி ஆராய்ந்து பின்னாளில் லண்டனில் டி.எஸ்சி. பட்டமே வாங்கினார். ஆனால் சாதி எப்படி வந்தது என்ற கேள்வி சதாரா பள்ளிக்கூடத்தில் தனியாகச் சாக்கு விரித்து உட்கார வைக்கப்பட்ட நாளிலிருந்தே அவருக்குள் இருந்தது. அதைக் கேட்டுப் பார்க்கும் இடம் மானுடவியல் வகுப்பில் கிடைத்தது. 1916 மே 9 அன்று, பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். அப்போது வயது 25. சாதியைக் கட்டிக் காப்பது அகமணம். உடன்கட்டை, கைம்மைக் கொடுமை, குழந்தை மணம் மூன்றும் அந்த வேலியைக் காக்க உண்டானவை என்பது அவர் வாதம். சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளை வெட்டிச் சாய்க்கும் செய்தி இன்றும் வரும்போது, அந்தக் கட்டுரை பழையதாகத் தெரியவில்லை. மானுடவியல் 4 பாடம்தான். அவருடைய வாழ்நாள் போராட்டத்துக்கு விதை அதில் இருந்தது.

பிறகு வந்தது சுலபமான பாதை இல்லை. லண்டனில் பொருளாதாரப் பள்ளியிலும், சட்டம் படிக்க கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் தீர்ந்தது. நான்கு ஆண்டுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். பெட்டிகள் வந்த கப்பலைப் போரில் மூழ்கடித்துவிட்டார்கள். பரோடாவிலோ, வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். மும்பை சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார், நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். 1920இல் மீண்டும் லண்டன். 1923இல் டி.எஸ்சி. கொலம்பியாவின் முனைவர் பட்டம் கைக்கு வந்தது 1927இல், அந்த வளாகத்தை விட்டு 11 ஆண்டு கழித்து.

சமஸ்கிருதத்தையும் அவர் விடவில்லை. தாமாகவே முயன்று படித்தார். எட்டாத இடங்களில் ஆங்கில மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு வேதங்களையும் சாத்திரங்களையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். சமஸ்கிருதம் தெரியாதவர் இதைப் பேசலாமா என்று கேட்கக்கூடியவர்களுக்கு முன்னுரையிலேயே பதில் வைத்து, சூத்திரர்கள் யார் என்ற நூலை 1946இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஜூன் மாதம், அவர் தொடங்கிய மக்கள் கல்விக் கழகம் மும்பையில் சித்தார்த் கல்லூரியைத் திறந்து மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது.