வயநாட்டு வில்வீரர் தலக்கல் சந்து

மருது சகோதரர்கள் 1801ஆம் ஆண்டு திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதற்கு அடுத்த ஆண்டில், நாம் இன்று வாழும் கேரளத்தின் வயநாட்டு மலைகளில் அதே கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்டவர் தலக்கல் சந்து.

சந்து, குறிச்சியர் என்னும் மலைவாழ் மக்களின் தலைவர். குறிச்சியர் நெல் விளைவிப்பதிலும் வில்வித்தையிலும் தேர்ந்தவர்கள். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கம்பெனி வயநாட்டை உரிமை கொண்டாடியது. வட மலபாரின் கோட்டயம் அரச மரபைச் சேர்ந்த பழசிராஜா அதனை ஏற்கவில்லை, போர் மூண்டது.

1802இல் கம்பெனிச் சேவகன் ஒருவன் குறிச்சியர் ஒருவரிடம் நெல் தருமாறு கேட்டான். அங்கிருந்த பழசிராஜாவின் படைத்தலைவர் எடச்சன குங்கன் அவனைக் கொன்றார். பழி தங்கள்மீதும் விழும் என உணர்ந்த குறிச்சியர், சந்துவின் தலைமையில் குங்கனுடன் இணைந்தனர்.

அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள் அவர்கள் பனமரம் கோட்டையைத் தாக்கினர். கோட்டையில் ஆங்கிலேய அதிகாரிகள் இருவரின்கீழ் 70 வீரர்கள் துப்பாக்கிகளுடன் இருந்தனர். சந்துவுடன் சென்ற குறிச்சியர் ஏறத்தாழ 150 பேர். அவர்களின் படைக்கலம் வில்லும் அம்பும். முதலில் காவலன் வீழ்ந்தான். பின்னர்க் கோட்டையே வீழ்ந்தது. 112 துப்பாக்கிகளும் ஆறு பெட்டி வெடிமருந்தும் 6000 ரூபாயும் அவர்கள் வசமாயின. அச்செய்தி பரவியதும் மலைமக்கள் பலர் போரில் சேர்ந்தனர்.

கம்பெனி மேலும் படைகளைக் குவித்தது. மூன்றாண்டுகள் காடுகளில் நின்று போரிட்ட சந்து, 1805 நவம்பரில் பிடிபட்டுப் பனமரத்தில் கொல்லப்பட்டார். அதே மாதம் 30ஆம் நாள் பழசிராஜாவும் உயிர் துறந்தார்.

தலைவர்கள் மறைந்தனர், குறைகள் மறையவில்லை. நெல்லாகச் செலுத்திவந்த வரியைப் பணமாகச் செலுத்தக் கம்பெனி கட்டாயப்படுத்தியது. பணப்புழக்கம் இல்லாத மலைமக்கள் பணத்திற்கு எங்கே செல்வர்? 1812இல் குறிச்சியரும் குறும்பரும் மீண்டும் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியும் அடக்கப்பட்டது.

பனமரத்தில் ஒரு கோளி மரத்தடியில் சந்துவின் நினைவிடம் அமைந்துள்ளது. வயநாடு செல்லும்போது அதனைக் கண்டு வாருங்கள். தம் விளைச்சலும் நிலமும் தமக்கே உரியவை என்பதற்காக உயிர்கொடுத்தவர் அவர்.

சொற்பொருள்: படைக்கலம் – ஆயுதம், மரபு – வழிவழி வருவது.

சிந்தித்து விடை எழுதுக:
1. குறிச்சியர் குங்கனுடன் இணைந்தது ஏன்?
2. வரியைப் பணமாகச் செலுத்துவது மலைமக்களுக்கு ஏன் கடினமாயிற்று?
3. மருது சகோதரர்கள், தலக்கல் சந்து ஆகியோரின் போராட்டங்களை ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.