பொருள்களில் எழுதிய வாழ்வு

ஏட்டில் இருந்தால்தான் வரலாறு என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். எழுதப் படிக்கக் கல்லாத ஒருவர் தம் வாழ்வை எதில் எழுதிச் செல்வார்? இவ்வினாவுக்கு விடையாக நிற்பவர் டென்சிங் நார்கே.

1914ஆம் ஆண்டு எளிய ஷெர்பா குடும்பத்தில் பிறந்த அவர், இளமையிலேயே பிழைப்புத் தேடி டார்ஜிலிங் வந்தார். 1935இல் எரிக் ஷிப்டன் குழுவில் சுமைதூக்கியானார். 1952இல் சுவிட்சர்லாந்தின் ரேமண்ட் லாம்பெர்ட்டுடன் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை ஏறித் திரும்பினார். 1953 மே 29ஆம் நாள் எட்மண்ட் ஹிலாரியுடன் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்.

அன்று அவர் அணிந்திருந்தவற்றை எண்ணிப் பாருங்கள். காலுறை மனைவி ஆங் லாமு பின்னியது. கம்பளித் தொப்பி, 1947இல் உடன் ஏறித் தோற்ற ஏர்ல் டென்மன் விட்டுச் சென்றது. கழுத்தில் லாம்பெர்ட் தந்த சிவப்புத் துண்டு. பழைய தோல்விகளையும் நட்புகளையும் உடுத்தியே அவர் உச்சியை அடைந்தார். மகள் நீமா கொடுத்தனுப்பிய பென்சிலை அங்கே பனியில் புதைத்தார். எழுதக் கல்லாத தந்தை உலகின் உச்சியில் வைத்த காணிக்கை எழுதுகோல்!

1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கழகம் தோன்றியபோது களப்பயிற்சியின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1976 வரை பணியாற்றினார். 1957இல் அங்கு அமைந்த அருங்காட்சியகம் முற்கால ஏற்றங்களின் கருவிகளையும் உடைகளையும் காத்து வருகிறது. 1986 மே 9இல் மறைந்த டென்சிங்கின் நினைவிடமும் அவ்வளாகத்திலேயே உள்ளது.

பொருள் பேசும் என்பதற்குச் சான்றுகள் பல. 1924இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரியின் உடல் 1999இல் கிடைத்தபோது, சட்டைப் பையில் கடிதங்கள் அழியாதிருந்தன. அவருடன் சென்ற இர்வினின் காலுறை 2024இல் பனியாற்றில் கிடைத்தது. அதில் அவர் பெயர் தைக்கப்பட்டிருந்தது. ஆனால் 1922இல் அதே மலையில் பனிச்சரிவில் மாண்ட ஏழு சுமைதூக்கிகளை இன்று நினைப்பார் யார்? பெயர் தைக்காத உடைகளின் வரலாற்றைத்தான் முதலில் இழக்கிறோம். டென்சிங்கின் பொருள்கள் அவ்வேழுவர் சார்பாகவும் பேசுகின்றன.

பூலித்தேவரின் கோட்டைகளுள் ஒன்று நின்ற மண் நம் வாசுதேவநல்லூர். பத்தாண்டு கண்ட நம் வட்டம் கவிதைகளைத் தொகுத்தது. இனி, எழுதக் கல்லாத நம் முன்னோரின் ஏர்களையும் எழுத்தாணிப் பெட்டிகளையும், அவை யாருடையவை என்ற குறிப்புடன் தொகுக்கட்டும். பெயரறியாப் பொருள் பாதி வரலாறே.