அப்பாவை இழந்த பிள்ளை

மதுரைக்குத் தெற்கே சுமார் 30 மைல் தூரத்தில் திருச்சுழி என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரில் சுந்தரமையர் என்ற வக்கீல் வாழ்ந்தார். இளம் வயதில் மாதம் 2 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதி, சொந்த உழைப்பால் முன்னுக்கு வந்தவர் அவர். வந்தவருக்கெல்லாம் அவர் வீட்டில் சாப்பாடு உண்டு.

அவருடைய மனைவி அழகம்மாள். இவர்களுக்கு நாகசாமி, வேங்கடராமன், நாகசுந்தரம் என்று 3 ஆண் பிள்ளைகள். அலமேலு என்று ஒரு பெண். இரண்டாவது பிள்ளையான வேங்கடராமன் 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி பிறந்தான். பிற்காலத்தில் உலகம் போற்றிய ரமண மகரிஷி இவர்தான்.

சிறு வயதில் ஒரு நாள் அப்பாவின் பழைய வழக்குக் காகிதங்களை எடுத்துக் கப்பல் செய்து விளையாடினான். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. திட்டு வாங்கிய பையனைக் காணோம். வீடே கலங்கியது. கடைசியில் கோவிலில் அம்மன் சிலைக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

குடும்பம் பிரிந்தது

1892-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுந்தரமையர் இறந்துபோனார். அப்போது வேங்கடராமனுக்கு வயது 12. சம்பாதிக்கும் ஒரே ஆள் போனதும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது.

மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்தார்கள். சிறிய பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு தாயார் மானாமதுரைக்குப் போனார். அங்கே இன்னொரு சித்தப்பா நெல்லையப்பையர் அவர்களை ஆதரித்தார்.

மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் சுப்பையர் வீடு இருந்தது. வேங்கடராமன் முதலில் ஸ்காட் பள்ளியிலும், பிறகு அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தான். படிப்பை விட விளையாட்டில்தான் அவனுக்கு ஆசை அதிகம்.

மரண பயம்

1896-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு நாள் மாடி அறையில் தனியாக இருந்தான். உடம்பில் நோய் ஒன்றும் இல்லை. ஆனாலும் சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென்று வந்தது. அப்பாவின் சாவை நேரில் கண்ட பிள்ளை அவன். யாரையும் கூப்பிடாமல் பிணம் போலப் படுத்துக்கொண்டான். இந்த உடம்பு செத்தாலும் நான் சாவதில்லை என்ற உண்மை அவனுக்கு விளங்கியது. பயம் அன்றோடு ஒழிந்தது. ஆனால் பாடத்திலும் விளையாட்டிலும் இருந்த நாட்டம் போய்விட்டது. தினமும் கோவிலுக்குப் போய்க் கண்ணீர் பெருக நின்றான்.

ஆகஸ்டு 29-ந் தேதி ஆங்கில இலக்கணப் பாடத்தை 3 தடவை எழுத வேண்டியிருந்தது. 2 தடவை எழுதிவிட்டு நோட்டை ஒதுக்கிவைத்துக் கண்ணை மூடினான். அண்ணனுக்குக் கோபம். இப்படி இருப்பவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்று கேட்டுவிட்டார்.

அந்தச் சொல் நியாயமாகவே தம்பிக்குப் பட்டது. பள்ளியில் வகுப்பு இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டான். தன் கல்லூரிச் சம்பளம் 5 ரூபாயை அப்படியே கட்டிவிட்டு வரும்படி அண்ணன் சொன்னார். அதில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயுடன் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு ரயிலேறினான். தன் தகப்பனைத் தேடிப் போவதாக அதில் எழுதியிருந்தான். அவன் சொன்ன தகப்பன் திருவண்ணாமலை அருணாசலேசுவரர். செப்டம்பர் 1-ந் தேதி அங்கே போய்ச் சேர்ந்தான்.

தாயின் கண்ணீர்

கணவனை இழந்த அழகம்மாளுக்கு இப்போது பிள்ளையும் இல்லை. சுமார் 2 ஆண்டுகள் அவன் இருக்கும் இடமே தெரியவில்லை. இடம் தெரிந்ததும் நெல்லையப்பையர் போனார், வெறுங்கையோடு திரும்பினார். 1898 டிசம்பரில் தாயாரே மூத்த மகனுடன் போனார். பல நாட்கள் அழுது கூப்பிட்டார். மகன் பேசவில்லை. நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். தாயார் தனியே ஊர் திரும்பினார். 1900-ம் ஆண்டு மூத்த மகன் நாகசாமியும் இறந்தார்.

1916-ம் ஆண்டு அழகம்மாள் திருவண்ணாமலைக்கே வந்து மகனுடன் தங்கினார். மலைமேல் கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தார். இளைய மகன் நாகசுந்தரமும் வந்து சேர்ந்து துறவி ஆனார். சிதறிய குடும்பம் மலையில் ஒன்றுகூடியது.

1922-ம் ஆண்டு மே 19-ந் தேதி தாயார் கண்ணை மூடினார். அன்று முழுவதும் ரமணர் தம் கையைத் தாயின் நெஞ்சில் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். வரமாட்டேன் என்ற மகன், தாயின் கடைசி மூச்சு வரை பிரியவில்லை. மலையடிவாரத்தில் தாயின் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. 1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி அங்கேயே ரமணரும் மறைந்தார்.