கப்பல் சுமைக்கு எல்லை வகுத்த சாமுவேல் பிளிம்சோல்

கிள்ளான் துறைமுகத்திலோ பினாங்கிலோ நிற்கும் சரக்குக் கப்பலின் பக்கவாட்டை உற்றுப் பாருங்கள். ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு கோடும் தெரியும். அருகில் ஏணிப்படி போலச் சில சிறு கோடுகளும் இருக்கும். கப்பலில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதற்கு அவையே எல்லை. அந்த எல்லைக்காகப் போராடியவர் சாமுவேல் பிளிம்சோல்.

1824 பிப்ரவரி 10-ஆம் தேதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர் அவர். மதுபான ஆலையில் எழுத்தராகச் சேர்ந்து நிர்வாகியாக உயர்ந்தார். பின்னர் லண்டனில் நடத்திய நிலக்கரி வியாபாரம் நொடித்துப்போனது. கையில் காசில்லாமல் ஏழைத் தொழிலாளர்களோடு மலிவு விடுதியில் தங்கினார். அவர்களின் பாடுகளை அங்கேதான் நேரில் கண்டார். மீண்டும் வசதி வந்தபோதும் அதை மறக்கவில்லை.

1868-இல் டெர்பி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்நாளில் பழுதடைந்த கப்பல்களில்கூட அளவுக்கு மீறிச் சரக்கேற்றி அனுப்பினார்கள். கப்பல் மூழ்கினால் முதலாளிக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்கும். மாலுமியின் குடும்பம் தெருவில் நிற்கும். வேலைக்குக் கையெழுத்திட்ட மாலுமி, கப்பலின் நிலையைக் கண்டு ஏற மறுத்தால் சிறைதான். அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே மக்கள் அழைத்தனர்.

இந்த அநியாயத்தை 1873-இல் பிளிம்சோல் நூலாக எழுதி அம்பலப்படுத்தினார். கப்பல் முதலாளிகள் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தனர். 1875 ஜூலை 22-ஆம் தேதி, பிரதமர் டிஸ்ரேலி கப்பல் பாதுகாப்பு மசோதாவைக் கைவிட்டபோது, பிளிம்சோல் அவையிலேயே கொதித்தெழுந்தார். பின்னர் தம் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டார். ஆனால் மக்கள் அவர் பக்கம் திரண்டனர். அதே ஆண்டில், ஆபத்தான கப்பல்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது.

1876 சட்டம் சுமைக்கோட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் கோட்டை எங்கே வரைவது என்பதை முதலாளியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. இந்த ஓட்டையை 1890-இல் வந்த சட்டம்தான் அடைத்தது. 1898 ஜூன் 3-ஆம் தேதி போக்ஸ்டன் நகரில் பிளிம்சோல் காலமானார். 1930-இல் சுமைக்கோடு அனைத்துலக ஒப்பந்தமானது.

இன்று துறைமுக ஆய்வாளர்கள் கப்பலில் ஏறிச் சான்றிதழ்களையும் இந்தக் கோட்டையும் சரிபார்க்கிறார்கள். உரிய கோடு நீரில் மூழ்கியிருந்தால் கப்பல் புறப்பட முடியாது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, அதை அளந்து பார்க்க ஆளும் வேண்டும் என்பதே பிளிம்சோலின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம்.