மருந்து அடிப்பவருக்குத் தெரிய வேண்டும்: ரேச்சல் கார்சன் வாழ்க்கை தரும் பாடம்

விவசாயிகளே, நீங்கள் ராசிங்காபுரம், சிலமலை பக்கம் தோட்டம் வைத்திருப்பவராக இருக்கலாம். விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். மருந்து அடிப்பது உங்களுக்குப் புதிதல்ல. அடித்த அன்று இரவு தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் என்று படுத்தவர்கள் நம்மில் பலர். வெயிலில் நின்றதால் வந்தது என்று நினைத்து, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளும் டேங்கைத் தோளில் மாட்டுகிறோம்.

டேங்கில் இருப்பது என்ன, அது உடம்பையும் மண்ணையும் என்ன செய்யும் என்பது அடிப்பவருக்கும் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை உலகம் கேட்கும்படி எடுத்துச் சொன்னவர் ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்கப் பெண். அவர் இறந்து 60 ஆண்டுகள் தாண்டிவிட்டன. அவர் சொன்ன விஷயம் இன்றும் நம் தோட்டத்துக்குத் தேவைப்படுகிறது.

எளிய குடும்பத்தில் பிறந்தவர்

ரேச்சல் கார்சன் 1907ஆம் ஆண்டு மே 27 அன்று, பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பத்துக்கு 65 ஏக்கர் நிலம் இருந்தாலும் கையில் பணம் புரளவில்லை. அம்மா மரியா தன் மகளைத் தோட்டத்திலும் காட்டிலும் அழைத்துப் போய், பறவை, பூச்சி, செடி எல்லாவற்றையும் பார்க்கப் பழக்கினார்.

எழுத்தாளராக வேண்டும் என்று கல்லூரிக்குப் போனவர், அங்கே உயிரியலில் மனம் வைத்தார். 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935இல் அப்பா இறந்தார். 1937இல் அக்காவும் இறந்துபோக, அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு ரேச்சல் மீதும் அவர் அம்மா மீதும் விழுந்தது. அமெரிக்க அரசின் மீன்வளத் துறையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இரவில் உட்கார்ந்து கடலைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1951இல் வந்த புத்தகம் அமோகமாக விற்றது. அடுத்த ஆண்டு அரசு வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார்.

மண்புழு வழியாகப் போன விஷம்

அந்தக் காலத்தில் டி.டி.டி. என்றால் அதிசய மருந்து. அது பூச்சியைக் கொல்லும் என்று 1939இல் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்து விஞ்ஞானி பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாவைப் பரப்பும் கொசுவை ஒழிக்க அது பெரிய உதவி செய்ததும் உண்மை. அதனால் வயல், காடு, ஊர்த் தெரு என்று வித்தியாசம் பார்க்காமல் விமானத்தில் இருந்தே கொட்டினார்கள்.

1945லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுத ரேச்சல் ஒரு பத்திரிகையிடம் கேட்டார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். 1958 ஜனவரியில் அவருடைய தோழி ஒருவரிடம் இருந்து கடிதம் வந்தது. கொசுவுக்காக விமானத்தில் மருந்து தூவிய பிறகு, தன் இடத்தில் பறவைகள் செத்து விழுந்ததை அவர் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ரேச்சல் நான்கு ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார். விஞ்ஞானிகளுக்கும் மருத்துவர்களுக்கும் கடிதம் எழுதி, ஆய்வுகளைச் சேகரித்தார்.

அவர் எடுத்துக் காட்டிய ஒன்றை நீங்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். மிச்சிகன் மாநிலத்தில் எல்ம் மரங்களுக்கு டி.டி.டி. அடித்தார்கள். இலை உதிர்ந்து மண்ணில் விழுந்தது. அந்த இலையை மண்புழு தின்றது. புழுவின் உடம்பில் மருந்து சேர்ந்தது. புழுக்களைத் தின்ற ராபின் பறவைகள் செத்தன. பறவைக்கு யாரும் மருந்து அடிக்கவில்லை. மரத்தில் அடித்தது மண்ணுக்குப் போய், புழுவுக்குப் போய், பறவை வரை வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொன்னார். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், தப்பிப் பிழைத்த பூச்சிக்கு அது பழகிவிடும். கெட்ட பூச்சியைத் தின்னும் நல்ல பூச்சியும் சேர்ந்து சாகும். பிறகு பூச்சி முன்னைவிட அதிகமாக வரும், மருந்துச் செலவும் கூடும். ஏலத்தில் பேன் தாக்குதலுக்கு மாற்றி மாற்றி அடித்தும் அடங்கவில்லை என்று சொல்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது

ரேச்சலுக்குக் கடிதம் வந்த அதே 1958இல், நம் மலைக்கு மேற்கே கேரளத்தில் பெரிய துயரம் நடந்தது. கப்பலில் கோதுமை மாவு, சர்க்கரை மூட்டைகளோடு பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியையும் ஏற்றி வந்தார்கள். அது கசிந்து உணவு மூட்டையில் கலந்தது. அந்த உணவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு நடந்த விசாரணைகளின் தொடர்ச்சியாகத்தான் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. இன்று டப்பாவின் மேல் நீங்கள் பார்க்கும் நிற முக்கோணமும், உள்ளே மடித்து வைத்திருக்கும் விளக்கத் தாளும் இந்தச் சட்டத்தின் கீழ் வந்தவைதான்.

நோயோடு நடத்திய போராட்டம்

ரேச்சலின் புத்தகம் 1962 செப்டம்பர் 27 அன்று வெளிவந்தது. மருந்துக் கம்பெனிகள் கடுமையாக எதிர்த்தன. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வருங்காலத் தலைமுறையைப் பற்றி என்ன கவலை என்றுகூடக் கேலி பேசினார்கள். ஒரு கம்பெனி வழக்குப் போடுவோம் என்று பதிப்பகத்தை மிரட்டியது. அப்போது அவருக்கு மார்பகப் புற்றுநோய். அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால், நோயாளியின் கோபத்தில் எழுதியது என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று நினைத்தார். இதற்கிடையே, அக்கா மகள் இறந்ததால் அவருடைய சின்னப் பையனையும் தத்தெடுத்து வளர்த்து வந்தார்.

அதிபர் கென்னடி அமைத்த அறிவியல் குழு 1963 மே மாதம் அறிக்கை கொடுத்தது. ரேச்சல் எழுப்பிய கவலை நியாயமானது என்பதை அது உறுதி செய்தது. அடுத்த மாதம் உடல் தளர்ந்த நிலையிலும் அமெரிக்க செனட் குழு முன் சாட்சி சொன்னார். 1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் காலமானார். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யை விவசாயத்தில் நிறுத்தியது. இந்தியாவில் 1989இல் விவசாயப் பயன்பாடு தடை செய்யப்பட்டது.

பூச்சிமருந்தே கூடாது என்று ரேச்சல் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. விவரம் தெரியாதவர்கள் கையில், எச்சரிக்கை எதுவும் சொல்லாமல் விஷத்தைக் கொடுப்பதைத்தான் எதிர்த்தார். நாம் அதை மருந்து என்கிறோம். மருந்து என்று சொல்லிச் சொல்லி அது விஷம் என்பதை மறந்துவிடுகிறோம். 2017இல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலி ஆட்களும் 20 பேருக்கு மேல் இறந்ததை மறக்க முடியாது.

உங்கள் தோட்டத்தில் செய்ய வேண்டியவை

முதலில் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான விஷம். அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றாலும் விஷம் விஷம்தான். விளக்கத் தாளில் உங்கள் பயிரின் பெயர் இல்லை என்றால், கடைக்காரர் சொன்னாலும் அந்த மருந்தை வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

அளவை மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாமல், அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். பூச்சி சாகவில்லை என்று இரண்டு மூன்று மருந்தை உங்கள் இஷ்டத்துக்குக் கலக்காதீர்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, முகமூடி, கண்ணாடி, பூட்ஸ் போடுங்கள். காற்றடிக்கும் திசைக்கு எதிரே நின்று அடித்தால் மருந்து உங்கள் மேலேயே விழும்.

ஏலப்பூ காய் பிடிக்கத் தேனீ வேண்டும். காலையில் பூ விரிந்து தேனீ வேலை செய்யும் நேரத்தில் அடித்தால், உங்கள் மகசூலை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். பிற்பகலுக்குப் பிறகு அடியுங்கள். காய் எடுத்து முடித்தவுடன் அடித்தால், அடுத்த எடுப்புக்குள் போதிய நாள் கிடைக்கும். விளக்கத் தாளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் காய் எடுத்தால் எச்சம் தங்கும். எச்சம் உள்ள காயை வெளிநாட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போடி ஏலத்தில் விலை குறைந்தால் அந்த நஷ்டம் எல்லோருக்கும்தான்.

மருந்து காயாத தோட்டத்துக்குள் காய் எடுக்கும் பெண்களை அனுப்பாதீர்கள். எங்கே, எப்போது, என்ன அடித்தோம் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். டேங்கை ஓடையிலோ கிணற்றடியிலோ கழுவாதீர்கள். காலி டப்பாவை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். தண்ணீர் பிடிக்க அதை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

அடிக்கும்போது மயக்கம், அதிக வியர்வை, எச்சில் ஒழுகுதல், கண் மங்கல், மூச்சுத் திணறல் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தோட்டத்தை விட்டு வெளியே வாருங்கள். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். டப்பாவையோ அதன் லேபிளையோ மறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சை கொடுக்க முடியும்.

சந்தேகம் இருந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையும், காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்தையும், ஏலத்துக்கு ஸ்பைசஸ் போர்டு அலுவலர்களையும் கேளுங்கள். கையில் எடுத்தது என்னவென்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அடுத்த முறை மூடியைத் திறக்கும் முன், விளக்கத் தாளைப் பிரித்து ஒருமுறை படித்துவிடுங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.