தமிழில் வைத்தியம் கற்பித்த தேவ ஊழியர்
டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் (1822–1884)



மருத்துவ ஊழியம் என்றதும் வேலூரும் ஐடா ஸ்கடர் அம்மையாரும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். அந்த அம்மையார் வேலூரில் ஊழியம் துவங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் ஒரு தேவ ஊழியர் நம் பாஷையிலேயே டாக்டர்களை உருவாக்கினார். அவர் பெயர் நம்ம பக்கத்து சபைகளில் பலருக்கும் தெரியாது.

சாமுவேல் பிஸ்க் கிரீன் 1822-ம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். வசதியுள்ள குடும்பம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிரீன் நியூயார்க்கின் பெரிய பூங்காவாகிய சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவர். தம்பியும் அங்கேயே இருந்திருந்தால் பேரும் பணமும் சம்பாதித்திருக்கலாம். ஆனால் 1845-ல் மருத்துவப் பட்டம் பெற்ற அவருக்கு மிஷனெரி ஊழியத்தின் பாரம் உண்டாயிற்று. அமெரிக்கன் மிஷன் அவரை அனுப்ப, 1847-ல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது வயது ஏறக்குறைய 25.

முதலில் வட்டுக்கோட்டையிலும் பிறகு மானிப்பாயிலும் வைத்தியம் பார்த்தார். வாந்திபேதி வந்தால் தெருத்தெருவாகப் பிணம் விழுந்த காலம் அது. பல் டாக்டர், கண் டாக்டர் என்று தனித்தனியாக யாரும் கிடையாது. பல் பிடுங்குவது, கட்டியை அறுப்பது, பிரசவம் பார்ப்பது எல்லாம் மிஷன் டாக்டர் ஒருவர் தலையில்தான்! நம் சபைகளில் மருந்து எடுக்கலாமா கூடாதா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. கிரீனுக்கு அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. வியாதியஸ்தருக்கு மருந்து கொடுப்பதும் சுவிசேஷம் சொல்லுவதும் அவருக்கு ஒரே ஊழியம்தான்.

ஒரே ஆள் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? 1848-லேயே உள்ளூர் வாலிபர்களைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் துவங்கினார். அப்போது பாடம் ஆங்கிலத்தில்தான். அதில் ஒரு சங்கடம் இருந்ததை அவர் கண்டார். ஆங்கிலத்தில் படித்தவன் கவர்மென்ட் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுகிறான். கிராமத்து ஏழைக்குப் பிரயோஜனம் இல்லை. (இன்றைக்கும் நம்ம வாசுதேவநல்லூர் பக்கத்தில் ராத்திரி ஒரு அவசரம் என்றால் தென்காசிக்குத்தானே வண்டி பிடிக்கிறோம்!) படிப்பு தமிழில் இருந்தால் படித்தவன் தன் ஜனத்தோடே இருப்பான் என்று அவர் நினைத்தார்.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே! அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1852-லேயே கட்டர் என்பவரின் உடற்கூறு நூலைத் தமிழாக்கம் செய்தார். 1857-ல் பிரசவ வைத்தியம். 1867-ல் அறுவைச் சிகிச்சையைப் பற்றிய இரண வைத்தியம். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிற கிரேயின் உடற்கூறு நூல் 1872-ல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் வந்தது. 1875-ல் ரசாயனத்துக்குக் கெமிஸ்தம். மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்!

ஒரு நரம்புக்கு, ஒரு எலும்புக்குப் பேர் வேண்டுமானால் முதலில் தமிழில் தேடுவார். தமிழில் இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் எடுப்பார். அங்கும் கிடைக்காவிட்டால்தான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார். அவரிடம் படித்த மாணவர்களே இந்த வேலையில் அவருக்குத் துணை நின்றார்கள். வேதாகமக் கல்லூரியில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில வியாக்கியானம் படித்தவர்களுக்கு இந்தப் பாடு கொஞ்சம் புரியும். அந்தப் புத்தகங்களின் நடை இப்போது நமக்குக் கடினம்தான். ஆனாலும் அதற்கு முன்பு அந்த வழியில் நடந்தவர் யார்?

சரீரம் பலவீனப்பட்டு 1857-ல் அமெரிக்கா போனவர், 1862-ல் கலியாணம் செய்து மனைவி மார்கரெட்டோடு திரும்பி வந்தார். 1864 முதல் வைத்திய வகுப்பு முழுவதும் தமிழில் நடந்தது. அவர் பயிற்றுவித்த வைத்தியர்கள் 60 பேருக்கு மேல்; அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழிலேயே படித்தவர்கள். மாணவர்கள் கோட்டும் கால்சட்டையும் போட்டுத் துரைமாரைப் போல மாறுவது அவருக்குப் பிடிக்காது. வேஷ்டி கட்டிய தமிழனாகவே இருந்து கிறிஸ்துவுக்குச் சாட்சியாக இரு என்பது அவருடைய எண்ணம். வெள்ளைக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் இப்படி நினைத்தது பெரிய காரியம். நம்மில் சிலருக்கு இன்னும் இது விளங்கவில்லை.

1873-ல் மறுபடியும் சுகவீனம். ஊருக்குத் திரும்பினார், அதன்பின் யாழ்ப்பாணத்தைக் காணவில்லை. அங்கே போயும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சுற்றிலும் தமிழ் பேச ஒரு ஆள் இல்லாத ஊரில் உட்கார்ந்து, தமிழ்ப் புத்தகங்களைத் திருத்தித் திருத்திக் கப்பலில் அனுப்பினார். மனுஷ சுகரணம் என்ற புத்தகம் 1883-ல்தான் வெளிவந்தது.

அடுத்த வருஷம், 1884 மே 28-ம் தேதி, வூஸ்டரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படியே பொறித்தார்கள். மானிப்பாயில் அவர் ஊழியம் செய்த இடத்து ஆஸ்பத்திரிக்கு இன்றும் அவர் பெயர்தான்.