பொம்மை இரயில் தந்த ஹார்ன்பி

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1863ஆம் ஆண்டு பிறந்தவர் ஃபிராங்க் ஹார்ன்பி. இறைச்சி இறக்குமதி நிறுவனமொன்றில் எழுத்தராகப் பணியாற்றிய அவருக்குப் பொறியியல் பட்டமோ கைநிறையப் பணமோ இல்லை. ஓய்வு நேரத்தில் தம் மகன்களுக்காக உலோகத் தகட்டைப் பட்டைகளாக வெட்டி, சம இடைவெளியில் துளையிட்டார். அப்பட்டைகளைத் திருகாணியால் இணைத்தால் பாரந்தூக்கி. கழற்றி மாற்றிப் பூட்டினால் பாலம்! முதலாளியிடம் 5 பவுன் கடன் வாங்கி, 1901இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

தொடக்கத்தில் பாகங்களை வெளியார் செய்து கொடுத்தனர். அவற்றின் தரம் அவருக்கு மனநிறைவளிக்கவில்லை, தேவைக்கேற்பவும் கிடைக்கவில்லை. எனவே, 1907இல் சொந்தப் பட்டறை அமைத்தார். பொம்மைக்கு மெக்கானோ என்று பெயரிட்டார்.

அந்நாளில் பிரிட்டனில் விற்ற பொம்மை இரயில்களுள் பல ஜெர்மனியிலிருந்து வந்தவை. முதலாம் உலகப்போர் அவ்வரவைத் துண்டித்தது. 1920இல் ஹார்ன்பியின் இரயில் கடைக்கு வந்தது. சாவி கொடுத்தால் ஓடும் அந்த இரயிலையும் மெக்கானோவைப் போலவே கழற்றிப் பூட்டலாம். ஆனால், திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்குவதற்கு நேரம் பிடிக்கும். பின்னாளில், தகரத் தகட்டின் நாக்குகளைத் துளையில் செருகி மடக்கும் முறை வந்தது. வேலை எளிதாயிற்று, பிள்ளைகள் பிரித்துப் பார்க்கும் இன்பம் மட்டும் போயிற்று. அஃது இழப்புதான்.

1936இல் ஹார்ன்பி காலமானார். ஈராண்டுகளில் அவருடைய நிறுவனம் இன்னும் சிறிய மின்சார இரயிலை வெளியிட்டது. அதன் இயந்திரக் கூடு தகரத்தை மடக்கிச் செய்ததன்று; உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்தெடுத்தது.